எதற்குமே பொருந்தாத ரெஜெக்ஸ்: மூன்று முறை சறுக்கியவன் எழுதும் வழிகாட்டி

போன வருடம் எங்கள் அலுவலகத்தில் மூன்று வாரம் ஒரு பிழை மடல்கூட வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு ஓடி, சர்வர் லாகைப் படித்து, பிழை வரிகளைத் திரட்டி மடல் அனுப்பும் சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று எங்களிடம் உண்டு. ஆபத்தில்லாத பிழைகளைத் தள்ளிவிட அதற்கு ஒரு புறக்கணிப்புப் பட்டியல், வரிக்கு ஒரு ரெஜெக்ஸ் (உரையில் எதைத் தேட வேண்டும் என்பதைக் குறிகளால் சொல்லும் பேட்டர்ன்) என்ற கணக்கில். மடல் வராததைப் பார்த்து, “ஒருவழியா சிஸ்டம் திருந்திடுச்சு” என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம். இருபத்திரண்டாம் நாள் டிஸ்க் நிரம்பி சர்வர் படுத்துவிட்டது. லாகைத் திறந்தால், டிஸ்க் நிரம்பப்போகிறது என்ற எச்சரிக்கை பதினெட்டு நாளாகக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். புறக்கணிப்புப் பட்டியலில் கடைசியாக மிச்சமிருந்த ஒரு வரியை நான்தான் அழித்தேன். பட்டியல் காலி. “எதையும் தள்ளாதே” என்று சொன்னதாக நான் நினைத்தேன். “எல்லாவற்றையும் தள்ளு” என்று ஸ்கிரிப்ட் புரிந்துகொண்டது. காலி இடத்தில் எதற்குமே பொருந்தாத ஒரு ரெஜெக்ஸ் இருந்திருக்க வேண்டும். அதைச் சரியாக எழுத எனக்கு அதன்பிறகு மூன்று முயற்சிகள் ஆயின. உங்களுக்கு அரை மணி நேரத்தில் முடியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பணச் செலவு எதுவும் இல்லை.

ஒரு சின்னக் குறிப்பு. கீழே வரும் பேட்டர்ன்களில் ஏதாவது ஒரு எழுத்து தேவைப்படும் இடத்தில் எல்லாம் ‘அ’ போட்டிருக்கிறேன். வேறு எந்த எழுத்தைப் போட்டாலும் கதை அதேதான்.

1. முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

நிரல் உங்களுடையது என்றால் பெரும்பாலும் வேண்டாம். பட்டியல் காலியா என்று ஒரு ‘இஃப்’ போட்டுப் பாருங்கள். காலி என்றால் ரெஜெக்ஸ் பக்கமே போகாமல் தாண்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் அது சட்டென்று புரியும்.

இந்த வித்தை தேவைப்படுவது அடுத்தவர் கட்டிய கருவி “இங்கே ஒரு ரெஜெக்ஸ் கொடு” என்று அடம்பிடிக்கும்போதுதான். எடுத்துக்காட்டு, பைத்தான் நிரல்களில் குறை கண்டு சொல்லும் பைலிண்ட். எந்தப் பெயர் கொண்ட ஃபங்ஷனுக்கு விளக்கவுரை எழுதாமல் விடலாம் என்பதை அது ஒரு ரெஜெக்ஸாகக் கேட்கிறது. இயல்பு மதிப்பு `^_`. அதாவது அடிக்கோட்டில் தொடங்கும் பெயருக்கெல்லாம் விலக்கு. ஒருவருக்கும் விலக்கு கிடையாது என்று சொல்ல வேண்டுமானால் எந்தப் பெயருக்கும் பொருந்தாத ஒன்றைத்தான் அங்கே வைக்க வேண்டும். லாக் வடிகட்டி, கோப்புகளைத் தள்ளும் விதி, ஒரு பிளகினின் ஒரு வசதியை மட்டும் அணைப்பது என்று எல்லா இடத்திலும் இதே நிலைமைதான்.

உங்கள் ரெஜெக்ஸ் எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். “பொருந்தினால் தள்ளு” என்ற இடத்தில் பொருந்தாத ரெஜெக்ஸ் வைத்தால் எல்லாம் உள்ளே வரும். “பொருந்தினால் மட்டும் எடு” என்ற இடத்தில் வைத்தால் ஒன்றும் வராது. சிரிக்காதீர்கள், அவசரத்தில் மாறிப்போகும்.

2. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

வங்கிக்குப் போகும்போது பாஸ்புக்கை எடுத்துக்கொள்வது மாதிரி, இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ரெஜெக்ஸை உரையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எஞ்சின் எது? பெர்ல், பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, டாட்நெட், பிசிஆர்இ எல்லாம் ஒரு குடும்பம். கோ மொழியும் ஆர்இ2-வும் இன்னொரு குடும்பம், ரஸ்ட் அவற்றின் ஒன்றுவிட்ட சகோதரன். வரிகளைத் தேடித் தரும் பழைய யூனிக்ஸ் கட்டளையான கிரெப் தனிக் குடித்தனம். கருவி எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால் எஞ்சினை முக்கால்வாசி ஊகித்துவிடலாம். ஆனால் ஊகத்தோடு நிற்காமல் ஆவணத்தில் பாருங்கள். கூகுள் ஷீட்ஸ் ஓடுவது ஆர்இ2-வில். ரிப்கிரெப் என்ற தேடல் கருவி இயல்பாக ரஸ்ட் எஞ்சினில் ஓடும், கேட்டால் பிசிஆர்இ2-வுக்கு மாறும்.

எந்த ஃபிளாக்குகளோடு (ரெஜெக்ஸின் நடத்தையை மாற்றும் சுவிட்சுகள்) உங்கள் பேட்டர்ன் ஓடுகிறது? முக்கியமாக இரண்டு: உரையின் தொடக்கத்தைக் குறிக்கும் `^`, முடிவைக் குறிக்கும் `$` இரண்டையும் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் முடிவிலும் நிற்க அனுமதிக்கும் பலவரி ஃபிளாக், ஏதோ ஓர் எழுத்தைக் குறிக்கும் புள்ளியைப் புதுவரிக் குறியோடும் பொருந்த வைக்கும் டாட்-ஆல் ஃபிளாக். கருவிக்குள் இவற்றை யாராவது போட்டிருப்பார்கள், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

உங்கள் பேட்டர்ன் தனியாக ஓடுகிறதா, மற்றவற்றோடு `|` (‘அல்லது’ என்று பொருள்) போட்டு ஒட்டப்படுகிறதா?

கடைசியாக, நீங்கள் தட்டச்சு செய்யும் இடத்திலிருந்து எஞ்சின் வரைக்கும் வழியில் யார் யார் இருக்கிறார்கள்? ஷெல்லா, யாமல் கோப்பா, மேக்ஃபைலா? நான் அதிகம் அடிபட்டது இந்தக் கடைசிக் கேள்வியில்தான்.

3. காலியாக விடாதீர்கள்

வெற்று ரெஜெக்ஸ் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அது கேட்பது வெற்று உரையை, வெற்று உரையோ எந்த எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது. பட்டியலில் உள்ள பேட்டர்ன்களை `|` வைத்து ஒட்டும் எந்த நிரலும் காலிப் பட்டியலைக் கொடுத்தால் வெற்று ரெஜெக்ஸைத்தான் திருப்பித் தரும். எங்களுக்கு நடந்தது அட்சரம் பிசகாமல் இதுதான்.

ஈமாக்ஸ் எடிட்டரை எழுதியவர்களும் இந்த இடத்தைக் கவனித்திருக்கிறார்கள். சொற்பட்டியலைக் கொடுத்தால் ரெஜெக்ஸாக்கித் தரும் ஒரு ஃபங்ஷன் அதில் உண்டு. காலிப் பட்டியலைக் கொடுத்தால், எதற்கும் பொருந்தாத ஒரு ரெஜெக்ஸை அது தரும். அதற்கென்றே பெயரிட்ட ஒரு மாறிலியும் 27-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது.

முழுக்கக் காலியாக இருந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை.

`காப்பு|தற்காலிகம்|`

கடைசியில் தொங்கும் அந்தக் கோட்டைப் பாருங்கள். அதற்கு வலப்பக்கம் வெற்று மாற்று ஒன்று ஒளிந்திருக்கிறது. பெரும்பாலான எஞ்சின்களில் இது எல்லாவற்றுக்கும் பொருந்தும். பட்டியல் கோப்பில் ஒரு வெற்று வரி விழுந்தாலும் இதே விளைவுதான்.

ஜிஎன்யூ கிரெப்பில் இது இன்னும் நுணுக்கம். பேட்டர்ன்களைக் கோப்பிலிருந்து எடுக்கச் சொல்லி, அந்தக் கோப்பு 0 பைட் என்றால், பேட்டர்னே இல்லை, ஆகவே எதற்கும் பொருந்தாது. நமக்கு வேண்டியதும் அதுவே. யாராவது எடிட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து ஒரு என்டர் தட்டிச் சேமித்தால் கோப்பு 1 பைட். இப்போது அதில் ஒரு வெற்று பேட்டர்ன் இருக்கிறது, எல்லா வரிக்கும் பொருந்தும். கண்ணுக்கு இரண்டும் காலிக் கோப்பாகத்தான் தெரியும்.

4. முதலில் கைக்கு வரும் விடை தவறு

டிஸ்க் கலவரம் முடிந்த அன்று சாயங்காலமே நான் போட்ட தீர்வு `^$`. தொடங்கியதும் முடிகிறது, அதனால் ஒன்றுக்கும் பொருந்தாது என்று மனம் சொல்லியது. வெற்று வரிக்குப் பொருந்தும் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. லாகில் இரண்டு பிழைகளுக்கு நடுவே இருந்த வெற்று வரிகள் எல்லாம் தள்ளப்பட்டு, மடலில் பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

திருப்பிப் போட்டு `$^` என்று எழுதினால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். முடிந்த பிறகு தொடங்குவது எப்படி என்று கேட்கத் தோன்றும். ஆனால் இரண்டு குறிகளும் இடத்தைத்தான் சொல்கின்றன, எந்த எழுத்தையும் விழுங்குவதில்லை. வெற்று உரையில் தொடக்கமும் முடிவும் ஒரே இடம். ஆகவே `$^` வெற்று உரைக்குப் பொருந்தும்.

பைலிண்ட் போல வெற்று உரை வரவே வராத இடத்தில் `^$` போதும். அந்த உறுதி இல்லாத இடத்தில் வேண்டாம்.

5. எஞ்சினுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்

*பெர்ல் குடும்பம் என்றால்* தயங்காமல் இதைப் போடுங்கள்:

`(?!)`

இது வெற்று எதிர்மறை லுக்அஹெட். “இந்த இடத்துக்குப் பின்னால் வெற்று உரை இருக்கக் கூடாது” என்கிறது. வெற்று உரை எங்கேயும் இருக்கும் என்பதால் நிபந்தனை எங்கேயும் நிறைவேறாது. வெற்று ரெஜெக்ஸ் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது என்ற அதே உண்மையைத் திருப்பிப் பிடித்திருக்கிறார்கள். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், ரூபி, டாட்நெட், பிசிஆர்இ எல்லாவற்றிலும் ஓடும். எந்த ஃபிளாக்கும் இதை அசைக்காது. பெர்ல் 5.10-இலும் பிசிஆர்இ-யிலும் ‘ஃபெயில்’ என்ற சொல்லையே நட்சத்திரத்தோடு அடைப்புக்குறிக்குள் எழுதும் வசதி உண்டு. பெர்ல் உள்ளுக்குள் `(?!)`-ஐயும் அதுவாகவே மாற்றிக்கொள்கிறது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. `(?!)` எதற்கும் பொருந்தாது. `(?:)` எல்லாவற்றுக்கும் பொருந்தும். வித்தியாசம் ஒரே ஒரு குறி. ஜாவாஸ்கிரிப்ட்டில் வெற்று ரெஜெக்ஸை அச்சிட்டால் `/(?:)/` என்றுதான் காட்டும், ஏனென்றால் `//` என்று எழுதினால் அது கமெண்ட் ஆகிவிடும். சின்ன எழுத்துருவில், நடு இரவில், ஆச்சரியக்குறிக்கும் முக்காற்புள்ளிக்கும் வேறுபாடு தெரியாமல் நகலெடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

*கோ, ஆர்இ2, ரஸ்ட் என்றால்* லுக்அஹெட்டே கிடையாது. `(?!)` கொடுத்தால் பிழை சொல்லும். கோ நிரலில் கட்டாயக் கம்பைல் ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருந்தால் நிரலே தொடக்கத்தில் விழுந்துவிடும். இங்கே:

`$அ`

முடிவுக்குப் பிறகு ஓர் எழுத்து. நடக்காத காரியம். பலவரி ஃபிளாக் இருந்தால் `$` வரி முடிவில் நிற்கும், ஆனால் அதற்கு அடுத்து வருவது புதுவரிக் குறி, ‘அ’ இல்லை. ஆகவே அப்போதும் பொருந்தாது. `அ^` என்று திருப்பி எழுதினாலும் இதே நியாயம். ரஸ்ட்டில் இன்னொரு வழியும் உண்டு:

`[அ&&ஆ]`

‘அ’வாகவும் ‘ஆ’வாகவும் ஒரே நேரத்தில் இருக்கும் எழுத்து. இரண்டு கணங்களின் வெட்டு வெற்று, அவ்வளவுதான். ஜாவாவிலும் இந்த `&&` உண்டு. படித்தவுடன் நோக்கம் புரிவதால் எனக்கு இது பிடிக்கும்.

எழுத்துக்குப் பதில் புள்ளி போட்டு `$.` அல்லது `.^` என்று எழுதுவதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். டாட்-ஆல் ஃபிளாக் இருந்தால் பைத்தானில் `$.` பொருந்திவிடும். `$` கடைசிப் புதுவரிக் குறிக்கு முன்னாலும் நிற்கும், புள்ளி அந்தப் புதுவரியை விழுங்கும். பலவரி ஃபிளாக்கும் சேர்ந்தால் `.^` நிலைமையும் இதேதான்.

*ஜாவாஸ்கிரிப்ட்டில் மட்டும்* `[]` என்ற வெற்று கேரக்டர் கிளாஸ் (சதுர அடைப்புக்குள் உள்ள எழுத்துகளில் ஏதாவது ஒன்று என்று பொருள்படுவது) எதற்கும் பொருந்தாது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வீட்டை விட்டு வெளியே எடுத்து வராதீர்கள். மற்ற பல எஞ்சின்களில் முதலில் வரும் `]` சாதாரண எழுத்து. தனியாக இருந்தால் பைத்தான் பிழை சொல்லி உங்களைக் காப்பாற்றும். மற்றதோடு ஒட்டினால்தான் வில்லங்கம்:

`[]|[0-9]`

இதைப் பைத்தானுக்குக் கொடுத்தால், முதல் `[`-இல் தொடங்கி கடைசி `]` வரை ஒரே கிளாஸ் என்று எடுத்துக்கொள்ளும். எந்த இலக்கத்துக்கும், `|` குறிக்கும், `]` குறிக்கும்கூடப் பொருந்தும்.

*சாதாரண கிரெப் என்றால்* கவனம். அடிப்படை வகையில் `^` தொடக்கத்தில் இருந்தால்தான் சிறப்புக் குறி, `$` கடைசியில் இருந்தால்தான் சிறப்புக் குறி. இடம் மாறினால் இரண்டும் வெறும் எழுத்து. ஆகவே `$.` என்பது அங்கே டாலர் குறிக்குப் பின்னால் ஏதோ ஓர் எழுத்து என்று பொருள்படும். விலைப்பட்டியலில் ஓட்டினால் `$5` எல்லாம் மாட்டும். விரிந்த வகைக்கு மாறச் சொல்லும் ஆப்ஷனைப் போட்டுவிட்டு `$அ` கொடுங்கள், சரியாக இருக்கும்.

சொல்லெல்லைக் குறியையும் (சொல் தொடங்கும் அல்லது முடியும் இடத்தைச் சொல்வது) அதன் எதிர்க்குறியையும் அடுத்தடுத்து வைக்கும் வழியும் ஒன்று உண்டு. பின்சாய்கோட்டோடு சின்ன பி, உடனே பின்சாய்கோட்டோடு பெரிய பி. தர்க்கம் சரிதான். ஆனால் படிப்பவர் அதைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்.

6. வழியில் யார் தின்கிறார்கள் என்று பாருங்கள்

என் இரண்டாவது முயற்சி `.^`. லினக்ஸில் சோதித்தேன், ஒன்றையும் பிடிக்கவில்லை, மகிழ்ச்சி. இன்னொரு கிளையில் அதே ஸ்கிரிப்ட் விண்டோஸ் பேட்ச் கோப்பு வழியாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே மறுபடியும் மடல் நின்றுபோனது.

விண்டோஸ் கட்டளை ஷெல்லில் `^` தப்புவிப்புக் குறி, அதாவது அடுத்த எழுத்தின் சிறப்புப் பொருளை நீக்குவது. மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் ஷெல் அதைத் தின்றுவிடும். எஞ்சினுக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் `.` மட்டும். ஓர் எழுத்தாவது உள்ள எல்லா வரிக்கும் பொருந்தியது. எதற்கும் பொருந்தாதது கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பொருந்துவதாக மாற ஒரு குறி போனால் போதும்.

நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு குறிக்கும் ஒரு ராட்சசன் இருக்கிறான்:

`$` — பாஷ் ஷெல்லில் இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, பக்கத்தில் ஆங்கில எழுத்து போட்டால், அதை மாறி என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயரில் மாறி இல்லை என்றால் மிச்சம் வெற்று உரை. வெற்று ரெஜெக்ஸ் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். பெர்லிலும் பிஎச்பி இரட்டை மேற்கோளிலும் இதே ஆபத்து உண்டு. மேக்ஃபைலில் `$.` என்று எழுதினால் புள்ளி என்ற பெயருள்ள மாறியைத் தேடும், கிடைக்காது, அதுவும் வெற்று. மேக்ஃபைலில் டாலரை `$$` என்று இரட்டித்து எழுத வேண்டும்.

`!` — பாஷை நேரடியாகத் தட்டச்சு செய்து பயன்படுத்தும்போது, ஆச்சரியக்குறி பழைய கட்டளையைத் தேடப் போகும். இரட்டை மேற்கோளும் காப்பாற்றாது. விண்டோஸில் தாமத விரிவாக்கத்தை இயக்கியிருந்தால் அங்கேயும் `!` காணாமல் போகும்.

`[]` — யாமல் கோப்பில் மேற்கோள் இல்லாமல் எழுதினால் அது காலிப் பட்டியல்.

யூனிக்ஸ் ஷெல்லிலும் யாமலிலும் எப்போதும் ஒற்றை மேற்கோள். இதை வழக்கமாகவே வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

இன்னொரு வகை ராட்சசனும் உண்டு: நல்லெண்ணத்தோடு நீங்கள் கொடுத்ததை எல்லாம் சாதாரண எழுத்தாக மாற்றிவிடும் கருவி. அதற்கு `(?!)` கொடுத்தால், லாகில் உண்மையிலேயே அந்த நான்கு குறிகள் வரும் வரியைத் தேடிப் பிடிக்கும்.

7. நேரச் செலவு

பொருந்தாத ரெஜெக்ஸுக்கு வேலையே இல்லை என்று தோன்றும். பல எஞ்சின்கள் பொருந்துமா என்று உரையின் ஒவ்வோர் இடத்திலும் முயன்று பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்லும். 1 லட்சம் எழுத்து என்றால் 1 லட்சம் முயற்சி. அதனால் ஒன்றும் மோசமில்லை.

மோசமாவது `.+^` மாதிரி எழுதும்போதுதான். ஒவ்வோர் இடத்திலும் தொடங்கி வரிக்கடைசி வரை ஓடி, தோற்று, ஓரோர் எழுத்தாகப் பின்வாங்கும். எஞ்சின் கெட்டிக்காரத்தனமாக இடையில் நிறுத்தாவிட்டால், 10,000 எழுத்துள்ள ஒரே வரிக்கு ஏறத்தாழ 5 கோடி படிகள். 1 லட்சம் எழுத்து என்றால் 500 கோடி. முழுக் கோப்பையும் ஒரே வரியில் அடைக்கும் ஜேசான் லாகுகளில் இதை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம், சாப்பாட்டையும் முடித்துவிட்டு வரலாம்.

ஆகவே `+`, `*` எதையும் சேர்க்காதீர்கள். பெரிய கோப்புகளில் ஓட்டுவதானால் `^(?!)` என்று முன்னால் நங்கூரம் போடலாம். பலவரி ஃபிளாக் இல்லாதபோது, தொடக்கத்தில் தோற்றால் மேற்கொண்டு முயல வேண்டியதில்லை என்று பல எஞ்சின்களுக்குப் புரியும். `$அ` போடுவதானால் லாகில் வராத எழுத்தாகப் பார்த்துப் போடுங்கள். அந்த எழுத்து உரையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும் எஞ்சின் உடனே கையை விரித்துவிடும். நான் ஒரு முறை `$௵` போட்டேன். தமிழ் ஆண்டுக்குறி எந்த சர்வர் லாகில் வரப்போகிறது? சக ஊழியர் அதை எழுத்துரு கெட்டுப்போனது என்று நினைத்து அழித்துவிட்டார், அது வேறு கதை.

8. சோதனை

ஒரு வரி உரையைக் கொடுத்துப் பொருந்தவில்லை என்று பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நான் இப்போது கொடுக்கும் உரைகள் எட்டு: வெற்று உரை; ஒரே ஒரு புதுவரிக் குறி; ‘அ’ மட்டும்; இரண்டு வரிகளில் ‘அ’; புதுவரியில் முடியும் ஒரு வரி; `$அ`, `அ^` என்பவை எழுத்தாகவே உள்ள வரி; பேட்டர்னையே உரையாகக் கொடுப்பது; கடைசியாக உண்மையான ஒரு நாள் லாக். பலவரி, டாட்-ஆல், எழுத்துவேறுபாடு பாராதது, விரிவெழுத்து (பேட்டர்னில் உள்ள இடைவெளிகளைப் பொருட்படுத்தாதது) என்ற நான்கு ஃபிளாக்குகளைப் போட்டும் எடுத்தும் பார்த்தால் 16 சேர்க்கைகள். மொத்தம் 128 சோதனை. ஒரு சின்ன லூப், சில நொடி வேலை.

ஆன்லைன் ரெஜெக்ஸ் சோதனைத் தளங்களில் பார்ப்பதானால் எஞ்சின் வகையை மாற்றிவிட்டுப் பாருங்கள். இயல்பாக எது தேர்வாகியிருக்கிறதோ அது உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பொருந்தவில்லை என்ற விடைக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கருவி உங்கள் கான்ஃபிக் கோப்பைப் படிக்கவே இல்லை என்றாலும் எதுவும் பொருந்தாது. அதனால் அதே கோப்பில், அதே இடத்தில், கட்டாயம் பொருந்தக்கூடிய ஒரு பேட்டர்னை முதலில் வைத்து ஓட்டுங்கள். அது பிடிக்கிறது என்று பார்த்த பிறகு மாற்றுங்கள். எஞ்சினுக்குப் போய்ச் சேரும் பேட்டர்னையும் அதன் நீளத்தையும் தொடக்கத்தில் லாகில் அச்சிடுவதும் நல்லது. `(?!)` என்றால் நீளம் 4. நீளம் 0 என்று வந்தால் வழியில் யாரோ தின்றுவிட்டார்கள். `.^` மாதிரி இரண்டு குறிப் பேட்டர்னுக்கு 1 என்று வந்தால் பாதியைத் தின்றிருக்கிறார்கள்.

பேட்டர்னுக்கு மேலே ஒரு கமெண்ட் எழுதுங்கள்: “வேண்டுமென்றே எதற்கும் பொருந்தாதது. அழிக்காதே, காலியாக விடாதே.”

9. தமிழில் எழுதுபவர்களுக்கு: தெரியாமலே எழுதிவிடுவது

இதுவரை சொன்னது வேண்டுமென்றே எழுதுவது. தமிழ்ச் சொற்களைத் தேடுபவர்கள் பாடுபடாமலேயே இதைச் செய்துவிடுகிறோம்.

‘தமிழ்’ என்ற சொல் கணினிக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. பைத்தானின் வழக்கமான ரெஜெக்ஸ் தொகுதிக்கு த, ம, ழ மூன்றும் சொல் எழுத்துகள். உயிர்க்குறியும் புள்ளியும் சொல் எழுத்துகள் இல்லை. இரண்டு பக்கமும் சொல்லெல்லைக் குறி வைத்து ‘தமிழ்’ தேடினால், கடைசியில் புள்ளி, அடுத்து இடைவெளி. இரண்டுமே சொல் எழுத்து இல்லை என்பதால் அங்கே எல்லையும் இல்லை. பொருந்தாது. ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்னும் மோசம். அதற்கு எந்தத் தமிழ் எழுத்துமே சொல் எழுத்து இல்லை.

ஒரே வரிக்குள் தேடுவதென்றால் எல்லையை நீங்களே வரைந்துகொள்ளலாம்:

`(?<![^ ,.])தமிழ்(?![^ ,.])`

முன்னாலும் பின்னாலும் இடைவெளி, காற்புள்ளி, முற்றுப்புள்ளி தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது என்று இதற்குப் பொருள். மற்ற நிறுத்தற்குறிகள் வருமானால் கிளாஸுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒகர ஓகாரங்களையும் கவனியுங்கள். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் ஒன்றுபோலத் தெரியும். பேட்டர்னில் ஒரு வகை, உரையில் இன்னொரு வகை என்றால் ஒருநாளும் பொருந்தாது. இரண்டையும் யூனிகோட் இயல்பாக்கத்துக்கு (ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்குவது) உட்படுத்திவிட்டுத் தேடினால் சரியாகும். ‘ஸ்ரீ’ அப்படியும் சரியாகாது. அதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதுகிறார்கள், 2005-இல் யூனிகோட் 4.1-இல் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதுகிறார்கள். இயல்பாக்கம் இந்த இரண்டையும் வேறு வேறு எழுத்தாகவே விட்டுவிடும். `[ஸஶ]` என்று இரண்டையும் பேட்டர்னில் எழுதுவதுதான் வழி.

நான் அழித்தேன் என்று முதலில் சொன்னேனே, அந்தக் கடைசி வரி, அது ‘சோதனை’ என்ற சொல். இரண்டு பக்கமும் சொல்லெல்லைக் குறி. சோதனை ஓட்டங்களின் பிழைகளைத் தள்ளுவதற்காக எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது. ஐகாரக் குறிக்குப் பின்னால் எங்கள் லாகில் எப்போதும் முக்காற்புள்ளிதான் வரும், ஆகவே அங்கே எல்லை கிடையாது. ‘சோதனைக்கு’ என்று வந்திருந்தால் பைத்தான் பிடித்திருக்கும், அடுத்து வருவது ‘க’ என்பதால். அப்படி எந்த வரியும் வரவில்லை. இரண்டு வருடத்தில் அது ஒரு வரியைக்கூடத் தள்ளியதில்லை என்று பார்த்துவிட்டு, உதவாத வரி என்று நான் தூக்கினேன். இரண்டு வருடமும் எங்களுக்கு மடல் வந்துகொண்டிருந்தது அந்த வரி இருந்ததால்தான்.

இப்போது அந்த இடத்தில் `(?!)` இருக்கிறது, மேலே கமெண்டோடு.